கதவைத் தட்டலாம்!

(மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, "கல்லூரியும் சமயப் பரப்பலும்" என்பது. கல்லூரியைப் பற்றிப் பேசுவதற்கு, கல்லூரியை முடிக்காதவனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார்கள் நண்பர்கள். இரண்டாம் ஆண்டிலே, கட்டணம் கட்ட வழியின்றி, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியேறியவன் நான். பட்டம் பெறவில்லை, ஆனால் பட்டது உண்டு. பட்டதைச் சொல்லப் பட்டம் தேவையில்லை என்ற துணிவிலே பேசுகிறேன்.

நாடகம் எழுதுபவனாயிற்றே, ஒரு காட்சியோடு தொடங்குகிறேன்.

விடுதி அறை ஒன்று. எட்டடிக்குப் பத்தடி. ஊரைவிட்டு முதன்முறையாக வெளியே வந்த பையன் ஒருவன், கோரைப் பாயிலே சுருண்டு கிடக்கிறான். நான்கு நாளாய்க் காய்ச்சல். அறைத் தோழன் ஊருக்குப் போய்விட்டான். சமையற்கூடத்திலிருந்து வரும் சாம்பார் மணமே குமட்டுகிறது. கதவு தட்டப்படுகிறது. வருகிறார், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர். கையிலே தூக்குச் சட்டி, சட்டியிலே கஞ்சி, மூடியின்மேல் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. நெற்றியிலே கை வைத்துப் பார்க்கிறார். துணியை நனைத்துப் பிழிந்து போடுகிறார். "குடி தம்பி, சூடு ஆறிவிடும்" என்கிறார். அன்று வந்தார், மறுநாள் வந்தார், மூன்றாம் நாளும் வந்தார். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று கஞ்சியோடு வந்தது ஒரு சிறு நூல். "படித்துப் பார் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடுகிறோம். வா" என்றார்.

எந்தச் சமயத்து நூல்? கேட்கத் துடிக்கிறது உங்கள் நா, தெரிகிறது. சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த மண்டபத்திலே ஒரு பகுதி கைதட்டும். இன்னொரு பகுதி தலை கவிழும். எல்லாச் சமயத்தாரும் இங்கே இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும், "நம்மவராக இருக்குமோ?" என்ற ஐயத்தோடேயே கேளுங்கள்.

போனான் அந்தப் பையன். ஏன் போனான்? நூலைப் படித்து மனம் ஒப்பியா? நூலைத் திறக்கவே இல்லை! கஞ்சியைக் குடித்துவிட்டானே! குடித்த வயிறு, "வரமாட்டேன் அண்ணே" என்று சொல்ல விடவில்லை. ஏழு ஞாயிறு போனான். எட்டாம் ஞாயிறு உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றார்கள். அன்று மாலை முழுவதும் பேருந்து நிலையத்திலே, வண்டி எதற்கும் காத்திராமல், ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பையன் நான்தான் என்று சொல்லவும் வேண்டுமோ?

அந்த அண்ணனை நான் பழிக்க வரவில்லை. அவர் கஞ்சியிலே கள்ளம் இல்லை. இன்று வரை நம்புகிறேன். அவர் நூலிலும் கள்ளம் இல்லை. தாம் இனிப்பென்று கண்டதைப் பிறருக்கு ஈந்தார். ஆனால் இரண்டையும் ஒரே கையால் நீட்டினாரே, அங்கேதான் விழுந்தது முடிச்சு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை என்னிடம் இருந்தது. சொல்லும் வலிமை இல்லை. உரிமை ஏட்டிலே இருந்து என்ன பயன், நாக்கு எழவில்லையென்றால்?

இந்த முடிச்சு என் விடுதி அறையிலே முதன்முதல் விழுந்ததன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட முடிச்சு. சென்னையிலே, ஆர்மீனியன் தெருவுக்கு வாருங்கள் என்னோடு. ஆண்டு 1837.

ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அங்கே பள்ளி ஒன்றைத் திறக்கிறார். கல்கத்தாவிலே அலெக்சாண்டர் டஃப் 1830-இல் காட்டிய வழி அது. ஆங்கிலம் கற்பிப்பது, அறிவியல் கற்பிப்பது, அவற்றோடு மறைநூலையும் கற்பிப்பது. மறைத்துச் செய்தாரா? இல்லை. இந்தப் பிள்ளைகள் கிறித்துவத்தை ஏற்க வேண்டும் என்பதே தம் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னவர் அவர். அப்படியிருந்தும் சென்னையின் மேல்சாதிப் பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்பினர். ஏன்? கும்பினி ஆட்சியிலே ஆங்கிலம் என்றால் உத்தியோகம். உத்தியோகம் என்றால் செல்வாக்கு. பைபிள் வகுப்பைப் பொறுத்துக்கொண்டால் ஆங்கில வகுப்புக் கிடைக்கும். கணக்குப் பார்த்தார்கள், அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு, 1838-இல், ஒரு புயல். மதமாற்றப் புயலா? அன்று! ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சிலர் அந்தப் பள்ளியிலே பயில்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கிளம்பியது கூச்சல்: "அவர்களை வெளியேற்று! இல்லையேல் எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போவோம்!" பைபிள் ஓதப்பட்ட நாளெல்லாம் அமைதியாக இருந்தவர்கள், பக்கத்துப் பலகையிலே ஓர் ஏழைப் பிள்ளை உட்கார்ந்ததும், மதம் போயிற்று, மானம் போயிற்று என்று பதறினார்கள். ஆண்டர்சன் பணியவில்லை. போகிறவர் போகலாம், அந்தப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நின்றார். பலர் போயினர். அந்தப் பிள்ளைகள் இருந்தனர்.

தோழர்களே, அவருடைய மதப்பரப்பலிலே எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 1838-இலே அந்த வகுப்பறையிலே அவர் நின்ற நிலை இருக்கிறதே, அதை நினைத்தால் எழுந்து நின்று வணங்கத் தோன்றுகிறது. சமயப் பரப்பலைப் பற்றிப் பேசும்போது இந்தக் காட்சியை விட்டுவிட்டுப் பேசுகிறவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். அவர் பாதி நாடகத்தைத்தான் காட்டுகிறார்.

மீதிப் பாதியை நானும் மறைக்கக்கூடாதல்லவா? 1841-ஆம் ஆண்டு. ராஜகோபால், வெங்கடராமையா என்னும் இரண்டு மாணவர் திருமுழுக்குப் பெற்றனர். நகரமே கொதித்தது. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் நிறைந்திருந்த பள்ளி, சில பத்துப் பேராகச் சுருங்கிற்று. தாய்மார் அழுகுரல் ஒருபுறம். "எங்கள் உள்ளம் ஒப்பித்தான் செய்தோம்" என்ற இளைஞர் குரல் மறுபுறம். யார் சொல்வது உண்மை? அந்த இளைஞர்கள் பின்னாளிலே குருமாராகி, அதே பணியிலே தங்கள் வாழ்வைச் செலவிட்டார்கள் என்பதைப் பார்த்தால், அவர்கள் விலைபோனவர்கள் என்று கூற எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தாயின் கேள்வி ஒன்று மட்டும் அந்தத் தெருவிலே இன்னும் நிற்கிறது: "ஆங்கிலம் படிக்கத்தானே அனுப்பினேன்?"

அடுத்த ஆண்டே, 1842-இல், பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளி பிறந்தது. 1794-இல் மறைந்த வள்ளல் பச்சையப்பரின் செல்வம், நீண்ட வழக்குகளுக்குப் பின் கல்விக்கு வந்து சேர்ந்தது. பைபிள் வகுப்பு இன்றி ஆங்கிலக் கல்வி! நகரம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நல்லதுதான். ஆனால் அந்தக் கதவிலே என்ன எழுதியிருந்தது? இந்து மாணவருக்கு மட்டும்! அது 1947 வரை நீடித்தது. ஒரு கதவு, உள்ளே வந்தவனை மாற்றப் பார்த்தது. மற்றொரு கதவு, மாற்றானை உள்ளேயே விடவில்லை. எந்தச் சமயமும் கேட்காமல், எந்தச் சமயத்தையும் திணிக்காமல், "வா தம்பி, படி" என்ற மூன்றாவது கதவு எங்கே இருந்தது அன்று?

அந்தக் கதவுக்காகக் குரல் கொடுத்தவர் ஒருவரை இன்றைய தலைமுறை மறந்துவிட்டது. கஜுலு லட்சுமிநரசு செட்டியார். சென்னை வணிகர், 1844-இல் 'கிரசன்ட்' என்ற ஏட்டைத் தொடங்கியவர். 1846-இலே சென்னை ஆளுநர் டுவீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளிலேயே பைபிளைப் பாடநூலாக்கலாம் என்று கருத்துரைத்தார். கவனியுங்கள்: பாதிரியார் நடத்தும் பள்ளியிலே அல்ல, மக்கள் வரிப்பணத்திலே நடக்கும் பள்ளியிலே! ஆளுநருக்கு எதிராகக் கூட்டம் கூட்டினார்கள், கையொப்பம் திரட்டினார்கள், அந்தக் கிளர்ச்சியின் முன்னணியிலே நின்றார் செட்டியார். இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள், ஆளுநரின் கருத்தை ஏற்கவில்லை. துப்பாக்கி ஆட்சியின் நடுவிலே, ஒரு மனுத்தாள் வென்றது! பின்னர் 1852-இல் சென்னைவாசிகள் சங்கம் கண்டவரும் அவரே.

1854-இல் வந்தது சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை. அதிலே ஓரிடம். அரசுப் பள்ளிகளிலே சமயப் பாடம் கிடையாது. ஆனால் நூலகத்திலே பைபிள் இருக்கலாம். மாணவன் தானாக விரும்பி ஆசிரியரிடம் ஐயம் கேட்டால், அவர் விளக்கலாம். அதுவும் பள்ளி நேரத்துக்கு வெளியே! வெள்ளையர் எழுதியதுதான், நம்மை ஆள எழுதியதுதான். ஆயினும் அந்தப் பத்தியைப் படித்தபோது என் விடுதி அறை நினைவுக்கு வந்தது. நூல் அலமாரியிலே இருக்கட்டும். கை நீட்டுகிறவன் மாணவனாக இருக்கட்டும்! கஞ்சிச் சட்டியின் மேல் வைத்து நீட்டாதே!

ஏட்டிலே அப்படி, நாட்டிலே? அரசின் மானியம் பெற்ற சமயக் கல்லூரிகளிலே மறைநூல் வகுப்பு, நெடுங்காலம் பாடவேளைக்குள்ளேயே நடந்தது. அதிலும் ஒரு விந்தை உண்டு. 1862-இல் சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர் என்பார், ஆண்டர்சன் விதைத்த பள்ளியைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்த்தார். ஆளைப் பிடித்து முழுக்காட்டுவது கல்லூரியின் வேலையன்று. கருத்து மெல்லப் பரவட்டும் என்றார். ஆள் கணக்குக் கேட்ட சமயத் தொண்டர்கள் சினந்தார்கள். அவரோ அசையவில்லை. மாணவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே சிலை வைத்தார்கள்.

அந்தக் கல்லூரியிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஓர் இளைஞர் பயின்றார். இந்து சமயத்தின்மீது அங்கே வீசப்பட்ட கேள்விகள் அவரைக் குத்தின. குத்தியதும் என்ன செய்தார்? கல்லெறிந்தாரா? கதவடைத்தாரா? நூலகத்துக்குப் போனார்! தம் முன்னோர் நூல்களைத் தோண்டினார். 1908-இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆராய்ச்சியுரை எழுதினார். அதைப் பாராட்டியவர் யார் தெரியுமா? அதே கல்லூரியின் கிறித்துவப் பேராசிரியர் ஹாக்! அந்த இளைஞர்தான் டாக்டர் இராதாகிருஷ்ணன்; 1962-இல் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர். கிறித்துவராக்க வீசிய வலையிலே, வேதாந்தி ஒருவர் கிடைத்தார்! அவருடைய தத்துவத்தோடு எனக்கு நூறு சண்டை உண்டு. அது வேறு மேடை. கேள்விக்கு அஞ்சி ஓடாமல் கேள்வியோடு மல்லுக்கு நின்றாரே, அந்த மாணவத் தன்மையைச் சொல்கிறேன்.

இன்றைய கல்லூரிக்கு வருவோம். மாறிவிட்டதா? மேடை மாறியிருக்கிறது, நாடகம் அப்படியே. முதலாண்டு மாணவன் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் மூன்று அழைப்புகள் வந்துவிடுகின்றன. ஒன்று செபக் கூட்டம். ஒன்று தியானப் பயிற்சி. ஒன்று மறை விளக்க வகுப்பு. கீதைச் சொற்பொழிவுக்கு வந்தால் சான்றிதழ். யோக முகாமுக்கு வந்தால் வருகைப் பதிவு. பிறந்த நாளை அப்பன் மறந்தாலும் வாட்ஸ்அப் குழு மறப்பதில்லை. துறைத் தலைவரே அழைக்கிறார், "ஞாயிறு வா, கட்டாயமில்லை" என்று. கட்டாயமில்லையாம்! உள்மதிப்பெண் அவர் கையிலே இருக்கிறது. மாணவன் கையிலே என்ன இருக்கிறது?

1948 திசம்பரிலே, அரசியல் நிர்ணய அவையிலே சூடான விவாதம். சமயத்தைப் பரப்பும் உரிமை என்ற சொல் அரசியல் சட்டத்திலே இருக்கலாமா, கூடாதா? நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்தார். பதினான்கு ஆண்டுகள் கிறித்துவ நிறுவனங்களிலே படித்தேன், என்னை மாற்ற எவரும் முயலவில்லை என்றார். அச்சொல் இருக்கட்டும் என்றார். அந்த உரிமை கிறித்துவருக்கு மட்டுமன்று, எல்லாருக்கும் பொது என்றும் எடுத்துரைத்தார். சொல் நின்றது, 25-ஆம் பிரிவாயிற்று. 1977-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை கட்டியது: தன் சமயக் கருத்தை எடுத்துரைக்கலாம், பிறரை மதம் மாற்றும் உரிமை என்று ஒன்று அதிலே அடங்கியிருக்கவில்லை என்று.

எல்லாரும் 25-ஐத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மாணவத் தோழர்களே, உங்களுக்கென்று எழுதப்பட்டது 28. அதை ஏன் எவரும் உங்களுக்குச் சொல்வதில்லை? முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்திலே சமயப் போதனை கூடாது. அரசின் ஏற்பு பெற்ற நிலையமோ, நிதியுதவி பெறும் நிலையமோ எதுவாயினும், அங்கே நடக்கும் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ வா என்று எந்த மாணவனையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அவன் இசைந்தாலொழிய! சிறு வயதினன் என்றால் பெற்றோர் இசைவு. பதினெட்டு நிரம்பியவன் என்றால்? தந்தையின் இசைவு அல்ல, முதல்வரின் இசைவு அல்ல, அவன் இசைவு! கல்லூரிப் படியேறும் தங்கைமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் இசைவு!

இங்கே ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "இவ்வளவு தொல்லை எதற்கு? எந்தச் சமயத்தானும் கல்லூரிப் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டால் என்ன?" என்கிறார். கைதட்டாதீர்கள், பொறுங்கள்!

அமெரிக்காவிலே அப்படி ஒரு பல்கலைக்கழகம் செய்து பார்த்தது. மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் நகரிலே உள்ள அரசுப் பல்கலைக்கழகம், மற்ற மாணவர் குழுக்களுக்கெல்லாம் கூடிப்பேச அறை கொடுத்தது. கிறித்துவ மாணவர் குழு ஒன்றுக்கு மட்டும் மறுத்தது. 1981-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எல்லாருக்கும் திறந்த கதவைச் சமயம் பேசுகிறான் என்பதற்காக ஒருவனுக்கு மட்டும் மூடாதே என்று தீர்ப்பளித்தது. அந்த நாட்டுச் சட்டம் நம் சட்டமன்று. ஆனால் அங்கே எழுந்த கேள்வி நம் கேள்விதான். கடவுள் உண்டு என்பவனின் வாயைக் கட்டினால், நாளை கடவுள் இல்லை என்பவன் வாய்க்கும் அதே கயிறு வரும். கயிறு திரிக்கிறவன் கழுத்தளவு பார்த்தா திரிக்கிறான்?

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். கல்லூரி வாயிலிலே நிற்பது சமயத்தார் மட்டுமா? நாம் நிற்கவில்லையா? நம் கொடி நிற்கவில்லையா? முதலாண்டு மாணவனைத் தேடி விடுதிக்குப் போகிறவர்களிலே நம் தோழர்கள் இல்லையா? அவனுக்குச் சேர்க்கை கிடைக்கவில்லை என்றால் ஓடுகிறோம். கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் திரட்டிக் கொடுக்கிறோம். நல்லது, செய்யத்தான் வேண்டும். அடுத்த வாரம்? "தம்பி, மாநாட்டுக்கு ஐந்து வண்டி கிளம்புகிறது, நீ வருகிறாய்" என்கிறோம். வருகிறாயா என்று கேட்பதில்லை, வருகிறாய் என்கிறோம். அந்தப் பையன் எந்தப் பேருந்து நிலையத்திலே ஒளிந்துகொண்டிருக்கிறானோ, யார் கண்டார்?

மாவட்டச் செயலாளர் அண்ணன் முகம் சற்றுச் சுளிப்பது தெரிகிறது. அண்ணே, மன்னியுங்கள். உங்கள் கஞ்சியும் நல்ல கஞ்சிதான்.

கட்டணம் இன்றிப் பெட்டி தூக்கியவன் நான். அன்று யாரேனும் கட்டியிருந்தால், அவர் நீட்டிய எந்தத் தாளிலும் கையெழுத்திட்டிருப்பேன், படிக்காமலே இட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். ஆகவேதான் இந்தப் பேச்சு, அவர்களைப் பற்றிய பேச்சாக மட்டும் முடியக் கூடாது என்று விரும்பினேன். தட்டட்டும் எல்லாரும்! செபக் கூட்டத்தார் தட்டட்டும், கீதைக்காரர் தட்டட்டும், மறை விளக்கத்தார் தட்டட்டும், பகுத்தறிவு பேசும் நாமும் தட்டுவோம். ஆனால் கட்டணமும் கஞ்சியும் மதிப்பெண்ணும் கையில் இருக்கும்போது அழைப்பிதழை நீட்ட வேண்டாம். ஒரு நாள் தள்ளி வேறொருவர் மூலம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? உண்மையிலே நம் சரக்கு நல்ல சரக்கென்றால், பசியாறியவனும் வாங்குவானே!

நம் மாணவர் உதவி நிதிக்கு ஒரு விண்ணப்பத் தாள் உண்டு. அச்சிட்டு வைத்திருக்கிறோம், இதோ, என் கையிலே இருக்கிறது. பெயர், ஊர், படிப்பு, பெற்றோர் வருமானம், எல்லாம் சரி. ஏழாவது வரியைப் பாருங்கள்: "உறுப்பினர் எண்." சென்ற வாரம் ஒரு பெண், அந்தக் கட்டத்துக்கு நேரே வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இது இல்லையென்றால் கிடைக்காதா அண்ணா?" என்றாள். எனக்கு அந்தக் கோரைப் பாய் நினைவு வந்தது.

நிதிக் குழுவினரோடு பேசிவிட்டேன். அச்சகத்துக்கும் சொல்லியாயிற்று. பழைய தாள் இன்னும் முந்நூறு மிச்சம் இருக்கிறதாம், வீணாக்க வேண்டாம். வாயிலருகே மேசைமீது மையும் அளவுகோலும் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்குப் பத்துத் தாள் எடுத்து, ஏழாவது வரியை அடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.